சவரிமுத்து எழுதிக் கொடுத்த ‘ஓம்’

போன வாரம் குளுவாங் கோர்ட்டிலிருந்து எனக்கு ஒரு தபால் பொட்டலம் வந்தது. ஓய்வு பெற்று எட்டு மாதமான மொழிபெயர்ப்பாளனுக்குக் கோர்ட்டிலிருந்து பொட்டலம் வந்தால் எதையாவது தப்பாக மொழிபெயர்த்துவிட்டோமா என்றுதான் தோன்றும். பிரித்துப் பார்த்தேன். பழைய பாவம் எதுவும் இல்லை. அச்சடித்த பட்டியல் ஒன்று இருந்தது. இனிமேல் ஜொகூர் முழுவதும் எந்தக் கோர்ட்டிலும் இன்ன இங்கிலீஷ் வார்த்தைக்கு இன்ன தமிழ்தான் என்று மேலிடத்தில் முடிவு செய்திருக்கிறார்களாம். இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் தமிழ், நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு. என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் கோபால் கூடவே ஒரு கடிதம் வைத்திருந்தான். “அண்ணே, ஒரு தடவை பாத்துட்டு, தப்பு இருந்தா பென்சில்ல குறிச்சு அனுப்புங்க. இனிமே நம்ம வேலை லேசுலா.”

எனக்கும் சந்தோஷந்தான். அந்த நடுக்கோட்டுக்குள் இருபத்தேழு வருஷம் குடியிருந்தவன் நான். அது எவ்வளவு ஒடுக்கமான இடம் என்று எனக்குத் தெரியும். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பக்கத்தின் ஆறாவது வரியைத் தாண்ட முடியவில்லை. ‘அப்ஸ்காண்ட்’ என்ற இங்கிலீஷ் வினைக்கு எதிரே, ‘ஓடிப்போதல்’ என்று போட்டிருந்தது.

அந்த வார்த்தைக்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. கோபாலுக்கு எழுதும் பதிலில் அது அடங்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை இரண்டு வரியில் தீர்ந்துவிடும். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று என் அப்பா நம்பினார். தமிழ் தெரியும் என்று கோர்ட்டார் நம்பினார்கள். இரண்டு பேருடைய நம்பிக்கையையும் கெடுக்காமல் காலம் தள்ளினேன். பரீட்சையில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை வேறு யாரும் எழுத வராததால் தேறினேன்.

வேலையின் முறை வெளியாருக்கு வேடிக்கையாக இருக்கும். மொழிபெயர்ப்பாளன் சாட்சிக் கூண்டுக்கு இடது பக்கம், பாதி உடம்பு சாட்சியைப் பார்த்து, பாதி உடம்பு மாஜிஸ்திரேட்டைப் பார்த்து நிற்க வேண்டும். ‘அவன் சொல்கிறான்’ என்று சொல்லக்கூடாது. சாட்சி ‘நான்’ என்றால் நீங்களும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். இந்த விதிப்படி நான் ஆடு திருடியிருக்கிறேன், கள்ளச் சாராயம் காய்ச்சியிருக்கிறேன், ஒரே நாளில் அடித்தும் இருக்கிறேன், அடிபட்டும் இருக்கிறேன். உங்களுக்கென்று ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மட்டும் ‘நான்’ போய்விடும். “கோர்ட்டார் அனுமதித்தால் மொழிபெயர்ப்பாளர் ஒன்று கேட்க விரும்புகிறார்” என்று, உங்களைப் பற்றியே பக்கத்து வீட்டுக்காரர் போலப் பேச வேண்டும். ஒரு கட்டத்தில் எனக்கு வீட்டிலும் அப்படியே வந்துவிட்டது. ‘இவருக்குச் சோறு வேண்டுமாம்’ என்று என் மனைவி பிள்ளைகளிடம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினேன்.

எனக்கு மேலே தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் சவரிமுத்து. என்னைவிட இரண்டு வயது சின்னவர் என்பதை முதல் வருஷம் முழுவதும் நான் மறக்கவில்லை. பினாங்கில் குருமடத்துக்குச் சாமியாராகப் படிக்கப் போய், நாலாம் வருஷம் திரும்பி வந்தவர். ஏன் திரும்பினார் என்று யாரும் கேட்டதில்லை. அவருடைய மனைவியைப் பார்த்தவர்களுக்குக் கேட்கத் தோன்றாது. சாமியார் பட்டம் கிடைக்காவிட்டாலும் லத்தீன் அவரிடம் தங்கிவிட்டது. மற்றவர்கள் பழைய காதலியின் கடிதத்தை வைத்திருப்பதுபோல அவர் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். பக்கத்துக்கு மூன்று பத்திகள். முதலில் இங்கிலீஷ் வினைச்சொல், அடுத்து அதை உடைத்தால் கிடைக்கும் லத்தீன் துண்டுகள், கடைசியில் தமிழ். மூன்றாம் பத்தி பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். கேட்டால், “இன்னும் ஆள் வரலை” என்பார். அதாவது, அந்தத் தமிழைத் தன் வாயால் சொல்லும் சாட்சி இன்னும் கூண்டில் ஏறவில்லை என்று அர்த்தம்.

ஒருமுறை அடிதடி வழக்கொன்றில் ‘ப்ரொவோக்’ என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு நான் தவித்தேன். கோபமூட்டினானா, கிளறினானா, சீண்டினானா என்று எதைச் சொன்னாலும் கூண்டிலிருந்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சவரிமுத்து அனுமதி கேட்டு எழுந்து, “வெளிய வாடான்னு கூப்பிட்டாரா?” என்றார். சாட்சியின் முகம் மலர்ந்துவிட்டது. “அதாங்கய்யா. அப்படித்தான் கூப்பிட்டாரு.” பிறகு நோட்டைக் காட்டினார். ‘ப்ரோ’ என்றால் முன்னே. ‘வொகாரே’ என்றால் கூப்பிடுவது. ரோமாபுரிக்காரனும் நம் ஆளைப்போலத் தெருவில் நின்றுகொண்டு வாடா வெளியே என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். மூன்றாம் பத்தியில் அன்றைக்கே ஏறியது.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. கூண்டில் யார் நின்றாலும் ‘நீங்க’தான். நாங்களெல்லாம் தோட்டத்து ஆள் என்றால் ‘நீ’ போட்டுக்கொண்டிருந்தோம். மாஜிஸ்திரேட் துரை, எங்கள் பேச்சில் துவான், சொல்லும் இங்கிலீஷ் ‘யூ’வில் உயரமும் இல்லை, தாழ்வும் இல்லை, இல்லாததை நாம் ஏன் சேர்க்க வேண்டும் என்பது அவர் வாதம். சத்தம் போட மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியில் துடைக்க ஆரம்பித்தால் நாம் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இனி வழக்குக்கு வருகிறேன். ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குப் பாலம் இல்லாமல் படகில் போய்க்கொண்டிருந்த காலம் அது. குளுவாங்கில் நான் பொறுப்பு மொழிபெயர்ப்பாளன்; நிரந்தரம் ஆகவில்லை. மாஜிஸ்திரேட் என்னைப் பற்றி நாலு நல்ல வரி எழுதி அனுப்பினால் ஆகும். அந்த மாதம் சவரிமுத்து எங்களைச் சோதிக்க வந்திருந்தார். அவர் சோதனை செய்யும் விதம், கடைசி வரிசைக்கு முந்தின பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

பாலோ பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இரண்டு பேருக்குள் அடிதடி. அதைப் பார்த்த சாட்சி மாரிமுத்து, பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவன். சம்மன் கொடுக்கப் போன கோர்ட்டுச் சேவகன் அவனைத் தோட்டத்து லயத்து வீட்டில் காணாமல் கங்காணி முனியாண்டியைக் கேட்டிருக்கிறான். கங்காணி, “ஓடிட்டான்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சேவகனுக்குத் தெரிந்த நாலைந்து இங்கிலீஷ் வார்த்தைகளில் ‘அப்ஸ்காண்டட்’ ஒன்று. அதைச் சம்மனின் முதுகில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டான். பதினொரு நாள் கழித்து மாரிமுத்து தானாகவே காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், வந்து நின்று பேர் கொடுத்தான். அங்கேயே பிடித்து, சம்மனுக்குத் தப்பி ஓடியதாகக் குற்றம் சாட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். ருசுவானால் ஒரு மாதம் வரை உள்ளே போடலாம்.

ஒரு மாதந்தானே என்று தோன்றும். நிஜமான வழக்கு கோர்ட்டுக்கு வெளியே, மாட்டுவண்டியில் இருந்தது. மாரிமுத்து தனியாகப் போகவில்லை. கங்காணியின் தங்கை மகள் செல்லம்மாவோடு போய், கல்யாணம் செய்துகொண்டு திரும்பியிருந்தான். கங்காணி அவளை வேறொரு தோட்டத்தில், தமக்கு வேண்டிய இடத்தில் கொடுப்பதாக வாக்குச் சொல்லியிருந்தார். மாரிமுத்து உள்ளே போனதும் அவளை ஏற்றிக்கொண்டு போக வண்டி தயாராக நின்றது. அவளுடைய தகரப் பெட்டிகூட அதில் ஏறிவிட்டது. ஒரு மாதம் கழித்து மாரிமுத்து வெளியே வரும்போது அவள் யாருடைய லயத்தில் இருப்பாளோ. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன், நான் செய்த காரியத்தின் அழகு முழுவதும் தெரிய வேண்டும் என்பதற்காக.

மாஜிஸ்திரேட் துவானுக்கு மத்தியான ரயிலைப் பிடிக்க வேண்டும். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். குற்றப் பத்திரிகையை ஒரே மூச்சில் படித்தார். சட்டத்து இங்கிலீஷ் வாக்கியம் மலைப்பாம்பு மாதிரி; தலை ஒரு பக்கத்தில், வால் அடுத்த பக்கத்தில். அதை இரண்டாக வெட்டிக் கேட்பது என் வழக்கம். எனக்குச் சௌகரியம், எல்லோருக்கும் நேரம் மிச்சம் என்று அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

முதல் பாதியைக் கேட்டேன். “இன்ன தேதியில தோட்டத்தை விட்டு ஓடிப்போனியா?”

மாரிமுத்து அதுவரை தலை குனிந்து நின்றான். இந்தக் கேள்விக்கு நிமிர்ந்தான். “ஆமாங்கய்யா. ஓடித்தான் போனோம்.”

நான் துவான் பக்கம் திரும்பி, “ஆம், நான் அப்ஸ்காண்ட் செய்தேன்” என்றேன் இங்கிலீஷில்.

மீதிப் பாதி. “சம்மன் வந்தப்ப நீ அங்க இல்ல. சரிதானே?”

“நான் எப்படிங்கய்யா அங்க இருப்பேன்?”

“நான் அங்கே இல்லை” என்று மொழிபெயர்த்தேன். இரண்டே நிமிஷம். துவான் திருப்தியோடு தலையசைத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று எழுத ஆரம்பித்தார். நான் என் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன்.

யாரோ என் மேஜையில் ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போனார்கள். பிரித்தேன். சவரிமுத்துவின் குண்டெழுத்து. பென்சிலில் ஒரே ஒரு வார்த்தை: ‘ஓம்’.

உண்மையைச் சொல்கிறேன். என் மனதில் முதலில் தோன்றியது, இந்த மனுஷர் இத்தனை வருஷம் மாதா கோவிலுக்குப் போய்விட்டு இப்போது நம் பக்கம் வந்துவிட்டாரா என்பதுதான். இரண்டாவது, ஒருவேளை என்னைத் தியானம் செய்யச் சொல்கிறாரா என்பது. திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறந்தான் காதில் விழுந்தது. மாரிமுத்து சொன்னது முதல் தடவை என் காதில் விழவே இல்லை. ‘ஓடித்தான் போன…’ வரைக்கும் நான் கேட்டேன். அதற்குள் இங்கிலீஷில் சொல்லப் போய்விட்டேன். அவன் சொன்னது ‘போனேன்’ இல்லை, ‘போனோம்’. ஓம். ஒருத்தன் தனியாக எப்படி ‘போனோம்’ ஆவான்? அவன் ஏன் நிமிர்ந்தான் என்பதும் புரிந்தது. நம் ஊரில் ‘ஓடிப்போனியா’ என்று ஒரு வாலிபனைக் கேட்டால் அவனுக்குச் சம்மன் ஞாபகம் வருமா?

துவானின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சீட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். கோர்ட்டில் தமிழ் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள். இங்கிலீஷும் தமிழும் சேர்ந்து தெரிந்தவர்கள் சவரிமுத்துவும் நானுந்தான். ‘மொழிபெயர்ப்பாளர் தவறாகச் சொல்லிவிட்டார்’ என்று பதிவேட்டில் ஏறினால் என்னைப் பற்றிய நாலு நல்ல வரி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? சீட்டை மடித்தேன். இன்னொரு தடவை மடித்தேன். பைக்குள் போகும் அளவுக்கு அது சின்னதாகிவிட்டது. பிறகு எழுந்தேன். வீரம் ஒன்றும் இல்லை. பின்னால் அவர் கண்ணாடி துடைப்பதை இன்னும் நிறுத்தவில்லை.

“கோர்ட்டார் அனுமதித்தால், மொழிபெயர்ப்பாளர் தன் மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொள்ள விரும்புகிறார்.”

துவான் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்ன திருத்தம் என்றார். அவன் ‘நான்’ என்று சொல்லவில்லை, ‘நாங்கள்’ என்று சொன்னான் என்றேன். அந்த இன்னொருவர் யார் என்று கேட்கச் சொன்னார். நான் மாரிமுத்துவிடம் திரும்பினேன். வாய் தானாக, “யாரோட போனீங்க?” என்று ‘நீங்க’ போட்டது.

அவன் சுவரோரம் இருந்த கடைசிப் பெஞ்சைக் காட்டினான். மஞ்சள் காயாத தாலிக் கயிறோடு ஒரு பெண் எழுந்து நின்றாள். எழுந்து நிற்கும்படி யாரும் சொல்லவில்லை.

மாரிமுத்து எல்லாவற்றையும் சொன்னான். தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் சொல்லிக்கொண்டு, காலை ரயிலுக்குப் பாலோ ஸ்டேஷனில் வரிசையில் நின்று சீட்டு வாங்கியிருக்கிறார்கள். சிகாமட்டில் இறங்கி, வாடகை மோட்டாரில் தங்காக்கில் இருக்கும் அவன் அக்காள் வீட்டுக்குப் போய், அங்கே மாரியம்மன் கோவிலில் மேளம் வைத்துத் தாலி கட்டியிருக்கிறான். சம்மன் என்று ஒன்று இருப்பதே திரும்பி வந்து மாத்தா, அதாவது போலீஸ்காரர், பிடித்தபோதுதான் தெரியுமாம். ஒளிந்துகொண்டிருந்தாயா என்று துவான் கேட்கச் சொன்னார்.

“எதுக்குங்கய்யா ஒளியணும்?” என்றான் அவன். “ஒளிஞ்சுகிட்டா மேளம் அடிப்பாங்க?”

துவான் பேனாவைக் கீழே வைத்தார். தலைமை மொழிபெயர்ப்பாளர் கோர்ட்டில் இருக்கிறாரா என்று கேட்டார். சவரிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அந்த இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று துவான் கேட்டார். சட்டத்தில் அதற்கு என்ன பொருள் என்பதைக் கோர்ட்டார்தான் சொல்ல வேண்டும். வார்த்தையை மட்டும் கேட்டால் தான் சொல்லலாம் என்றார் சவரிமுத்து. கேட்கிறேன் என்றார் துவான்.

அவர் அதை உடைத்துக் காட்டியது மரவள்ளிக் கிழங்கை முறிப்பதுபோல அவ்வளவு சுலபமாக இருந்தது. ‘அப்ஸ்’ என்றால் அப்பால். ‘கான்’ என்றால் சேர்த்து. மீதி, ஒரு பொருளை வைப்பது. சேர்த்து அப்பால் வைத்துவிடுவது. அதாவது கண்ணில் படாமல் மறைப்பது. ஆகவே அதில் ஓட்டம் என்பதே கிடையாது. தன் வீட்டுப் பரணிலேயே படுத்துக்கொண்டும் ஒருவர் அதைச் செய்யலாம். ஊர் பார்க்க ரயிலேறி, மேளத்தோடு தாலி கட்டியவர் ஊரை விட்டுப் போனார் என்று சொல்லலாம், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் பிரம்படியோடு லத்தீன் படித்த துவான், அது இப்படி ஒரு நாள் உதவும் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, ரயிலை மறந்துவிட்டார். அப்படியானால் சரியான தமிழ் என்ன என்றார்.

“ஒளி” என்றார் சவரிமுத்து. “ஒளிந்துகொள்வது. அதே ‘ஒளி’க்கு வெளிச்சம் என்றும் ஒரு பொருள் உண்டு.”

மறைவதற்கும் வெளிச்சத்துக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படிப் பிழைக்கிறீர்கள் என்றார் துவான். பக்கத்தில் நிற்கிற வார்த்தையைப் பார்த்துத்தான் என்று பதில் வந்தது. பக்கத்தில் நின்ற வார்த்தையைப் பார்க்காதவன் நான் ஒருவன்தான் என்பதை அவர் சொல்லவில்லை.

கங்காணியைக் கூப்பிட்டார்கள். மாரிமுத்து ஓடிவிட்டான் என்று சேவகனிடம் சொன்னது உண்மையா? உண்மைதான். யாரோடு ஓடினான்? முனியாண்டி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மூன்றாம் தடவை கேட்டபோதுதான் வாய் திறந்தார்.

“என் தங்கச்சி மகளோட. அத நான் எப்படி அந்தச் சேவகங்கிட்ட சொல்லுவேன்?”

இதை மொழிபெயர்க்கும்போது, விதிப்படி, ‘என் தங்கை மகளோடு’ என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அவர்மேல் வைத்திருந்த கோபம் பாதி குறைந்துவிட்டது.

மாரிமுத்து ஒப்புக்கொண்டதாக எழுதியதைத் துவான் அடித்துவிட்டு, விடுதலை என்று எழுதினார். வெளியே வண்டியிலிருந்து தகரப் பெட்டியை இறக்கியது கங்காணிதான். மாரிமுத்து எட்டி வாங்கப் போனபோது கொடுக்கவில்லை. தாமே தரையில் வைத்துவிட்டு, வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

செல்லம்மா நேராக என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து, அதற்குத் தகுந்தபடி முகத்தை வைத்துக்கொண்டேன்.

“ஏங்கய்யா, அவரு ‘போனோம்’னு சொன்னது கடைசி பெஞ்சில இருந்த எனக்குக் கேட்டுச்சு. பக்கத்துல நின்ன உங்களுக்குக் கேக்கலியா?”

இருபத்தேழு வருஷத்தில் எத்தனையோ வக்கீல்களுடைய குறுக்கு விசாரணையைப் பார்த்திருக்கிறேன். அதற்கு இணையாக ஒன்று கேட்டதில்லை. மொழிபெயர்ப்பாளர் தன் குடையைத் தேடப் போனார்.

மத்தியான ரயில் போய்விட்டதால், சாயங்கால ரயில் வரும்வரை சவரிமுத்துவும் நானும் ஸ்டேஷனில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். நீங்களே எழுந்து திருத்தியிருக்கலாமே என்றேன், கொஞ்சம் வருத்தத்தோடு.

“நான் திருத்தினா அது புகார், நடேசன். நீங்க திருத்தினா அது திருத்தம்.”

பிறகு நோட்டை எடுத்து அந்த வரியைக் காட்டினார். ‘கான்’ என்ற துண்டின்மேல் விரலை வைத்தார். “பாருங்க, லத்தீன்காரன் ‘சேர்த்து’ங்கறத வார்த்தைக்குள்ளயே வச்சிருக்கான். மாரிமுத்துவும் வச்சித்தான் சொன்னாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு நீங்கதான் தொலைச்சிட்டீங்க.” காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு, “இன்னிக்கு அந்தக் கோர்ட்டுல நெசமா அப்ஸ்காண்ட் பண்ணது கங்காணிதான். நின்ன எடத்துலயே ஒளிஞ்சுகிட்டாரு” என்றார்.

நாலாக மடித்த சீட்டோடு நான் உட்கார்ந்திருந்த அரை நிமிஷத்தையும் அவர் பார்த்திருப்பார். ஆனாலும் கண்ணாடியைத் துடைக்கவில்லை.

நாலு நல்ல வரி வந்தது. துவான் எழுதியது மூன்றுதான்; நாலாவது, ‘தன் தவறைத் தானே திருத்துகிறார்’ என்பது, சவரிமுத்து சேர்த்தது என்று பின்னால் கிளார்க் சொன்னார். நான் நிரந்தரமானேன். மலைப்பாம்பை இரண்டாக வெட்டுவதை அன்றோடு விட்டேன். ‘நீங்க’ ஒட்டிக்கொண்டது. சவரிமுத்து இப்போது மூவாரில் மகள் வீட்டில் இருக்கிறார். லத்தீன் துண்டுகளைப் பேரப்பிள்ளைகளுக்குப் பெயராக வைக்க முயன்று தோற்றதாகக் கேள்வி.

பட்டியலுக்கு வருகிறேன். ‘ஓடிப்போதல்’ என்பதை அடித்துவிட்டு ‘ஒளிந்துகொள்ளுதல்’ என்று எழுதப் போனேன். எழுதவில்லை. நாளைக்கு ஒருத்தர் கூண்டிலேறி வேறு எதையாவது சொல்வார். பத்திரிகைக்காரர்கள் இப்போது ‘தலைமறைவு’ என்று எழுதுகிறார்கள். அதைக் கேட்டால் தோட்டத்து ஆள் வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டதற்கா வழக்கு என்று கேட்பார். எந்த வார்த்தையை அச்சடித்தாலும் அது பாதி வாக்கியந்தான்.

ஆகவே மேலிடம் போட்டது போட்டபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, கோட்டுக்கு வலது பக்கம், ‘ஓடிப்போதல்’ என்பதற்கு அடுத்து, பென்சிலில் சின்னதாக எழுதிக் கோபாலுக்குத் திருப்பி அனுப்பினேன்:

‘யாரோடு என்று கேட்கவும்.’